ஐந்து சென்டிமீட்டர் சிப்பாய்கள்

ஓடும் நிலையில் இருக்கிற டைகர்-1 டாங்கி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய டோர்செட்டில், போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. எடை 57 டன். கோபுரத்தில் எழுதியிருக்கும் 131 என்ற எண்தான் அதன் பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி கட்டிய டைகர்-1 மொத்தமே 1,347. அமெரிக்கா கட்டிய ஷெர்மன் டாங்கிகளோ ஐம்பதாயிரத்துக்குச் சற்றே குறைவு. ஆனால் பிளாஸ்டிக் மாடல் விற்கும் கடைக்குள் நுழைந்தால் டைகர் பெட்டிகள்தான் கண்ணை அடைக்கும். அலமாரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்குப் போரில் ஜெயித்தது யார் என்றே சந்தேகம் வந்துவிடும்.

இந்த மாடல்களைச் செய்கிறவர்களில் சிலர் வாரத்தில் ஒரு நாள் அசல் டாங்கிகளுக்கும் கைகொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போவிங்டன் போனேன். லண்டன் வாட்டர்லூவில் வேமவுத் ரயிலைப் பிடித்து வூல் என்ற சிறிய நிலையத்தில் இறங்க வேண்டும். சுற்றிலும் புதர் மண்டிய மணல்நிலம். 1916 முதல் டாங்கிப் படையின் பயிற்சிக்களம் இதுதான். அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்தவர், 1923-ல் பெயரை மாற்றிக்கொண்டு சாதாரணச் சிப்பாயாக இங்கே வந்து சேர்ந்தார். 1935-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு இங்கேயே இறந்தார்.

முதல் உலகப் போருக்குப் பின் பழைய இரும்பாகக் கிடந்த டாங்கிகளை 1923-ல் ஆங்கில எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங் பார்க்க வந்தாராம். இவற்றைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்ற யோசனை அவர் சொன்னதுதான் என்பார்கள். பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 1947-ல். இன்று ஏறத்தாழ 300 வண்டிகள் இருக்கின்றன. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களோடு தன்னார்வலர்களும் பட்டறையில், காப்பகத்தில், பார்வையாளர் கூடத்தில் வேலை செய்கிறார்கள்.

என்னை அழைத்துக்கொண்டு சுற்றியவர் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் சிறிய நோட்டு, பென்சில், ஸ்டீல் டேப். சென்னையிலிருந்து வருகிறேன் என்றதும், "ஆவடியா?" என்று கேட்டார். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-ல் வெளிவந்த விஜயந்தா டாங்கி, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. ஆவடியை மின்சார ரயிலில் தினமும் கடக்கிற நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்? அவருக்கு இருக்கிறது. விஜயந்தாவை மாடலாகச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசையாம்.

டைகரின் முன்னால் வந்ததும் அவர் நடை நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்கள் பீரங்கிக் குழாய் தெரிகிற மாதிரி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்தது குழாயின் அடிப்பக்கத்தை. 1943 ஏப்ரலில் டுனீசியாவில் பிரிட்டனின் சர்ச்சில் டாங்கி ஒன்று சுட்ட குண்டு இந்தக் குழாயின் அடியில் பட்டுத் தெறித்து, கோபுரம் சுழலும் வளையத்தில் போய்ச் செருகிக்கொண்டது. கோபுரம் திரும்பவில்லை. உள்ளே இருந்த ஐந்து பேரும் இறங்கி ஓடிவிட்டார்கள். கோபுரத்தைத் தூக்குவதற்காகப் பக்கவாட்டில் வைத்திருக்கும் இரும்புக் குமிழில் இன்னொரு குண்டின் காயம். "இந்தக் காயத்தின் ஆழம் எவ்வளவு என்று தெரியாமல் பத்து வருடம் தப்பாகவே தோண்டிக்கொண்டிருந்தேன்" என்றார். தோண்டியது பிளாஸ்டிக்கில்.

அவர் செய்வதெல்லாம் 1/35 அளவு. ராணுவ மாடல் உலகத்தில் இதுதான் ஏறக்குறைய பொதுச் சட்டம். ஆனால் அதற்குப் பின்னால் கணிதமோ பொறியியலோ கிடையாது. ஜப்பானின் ஷிசுவோகாவில் டமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தபோது, உள்ளே பேட்டரிகள் அடங்கும்படி உடலை வரைந்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் அசலில் சுமார் முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. அடுத்த மாடலும் அதே அளவு, அதற்கடுத்ததும் அதே. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்துவிட்டன.

அந்த அளவில் ஒன்றே முக்கால் மீட்டர் மனிதன் ஐந்து சென்டிமீட்டர். டைகரின் 100 மில்லிமீட்டர் முன்கவசம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. எடையையும் இதே விகிதத்தில் குறைத்தால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்கி 57 டன் என்பது ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேலே வரும். பிளாஸ்டிக் மாடலோ அதைவிட எவ்வளவோ லேசு. சக்கரச் சங்கிலி தன் பாரத்தால் சக்கரங்களின் மேல் தொய்ந்து படிய வேண்டும். இலேசான பிளாஸ்டிக் சங்கிலி தொய்யாது, விறைத்துக்கொண்டு நிற்கும். அந்தத் தொய்வைக் கையால் வரவழைப்பதில்தான் தேர்ந்தவர் யார் என்று தெரியும். கண்ணி கண்ணியாக ஒட்டி, பசை முழுதாகக் காயும் முன்பு சக்கரத்தின் மேல் படியவிட்டு, இடையில் பஞ்சைத் திணித்து விட்டுவிடுகிறார்கள்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனோம். பேரப்பிள்ளைகள் வந்தால் படுக்கிற சிறிய அறைதான் பட்டறை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இந்த அறையும் கிடையாது. பிள்ளைகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டை விரித்து, முடிந்ததும் தட்டோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாராம். ஒரு டாங்கிக்கு ஒரு வருடம் பிடிக்கும்.

பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு உறுப்பும் காம்போடு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. காம்பை ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும். கொஞ்சம் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பசை நீர்த்துக் கிடக்கிறது. இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் இணைப்பைத் தொட்டால் போதும், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இடுக்கு நெடுக ஓடிவிடுகிறது. பிளாஸ்டிக்கையே இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும் பசை அது. விரல் அந்த இடுக்கின் மேல் இருந்தால் கைரேகை நிரந்தரமாகக் கவசத்தில் பதியும்.

காய்ந்த பின் இடைவெளிக்குப் பட்டி பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. நம் ஊர்ப் பெயின்டர் சுவருக்குச் செய்கிற அதே வேலைதான். பீரங்கியின் அடியைச் சுற்றிய வார்ப்புக் கவசம் அசலில் சொரசொரப்பானது. அதற்குப் பசையைத் தடவி, முடி தேய்ந்த தூரிகையால் குத்திக் குத்திச் சொரசொரப்பு உண்டாக்குகிறார். தகடுகளைப் பற்றவைத்த தடத்துக்குப் பட்டியை நூலிழையாக உருட்டி ஒட்டி, கத்தி முனையால் வரி வரியாகக் கீறுகிறார். வெல்டிங் தடம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறியத்தான் அந்த ஸ்டீல் டேப்பும் நோட்டும். ஜெர்மானிய டாங்கிகளில் காந்தக் கண்ணிவெடி ஒட்டாதிருக்கப் பூசிய சிம்மரிட் காரைப்பூச்சு 1943 கோடைக்குப் பிறகு வந்தது. அந்த ஏப்ரலிலேயே பிடிபட்ட 131-ல் அது கிடையாது. பூச்சைப் போட்டுவிட்டு 131 என்று எண் எழுதினால் மாடல் சங்கத்துக் கூட்டத்தில் உயிரோடு விடமாட்டார்கள்.

நிறம் தீட்டுவது தனி உலகம். ப்ரைமர், அதன்மேல் ஏர்பிரஷ்ஷில் மெல்லிய அடுக்குகள், ஜன்னல் திறந்து முகமூடியோடு. பெயின்ட் பெயர்ந்த இடங்களைக் காட்ட ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். அடி நிறத்தின் மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்து, அது காய்ந்ததும் மேல் நிறம். பிறகு தண்ணீரைத் தொட்டு முரட்டுத் தூரிகையால் தேய்த்தால் ஸ்ப்ரே கரைந்து மேல் நிறம் துணுக்குத் துணுக்காக உரியும். கடைசியில் நீர்த்த எண்ணெய் வண்ணத்தை மூலைகளில் ஓடவிட்டால் நிழல் விழுந்து பள்ளம் மேடு எல்லாம் எழுந்து நிற்கும்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இப்போது பரிசு வாங்கும் மாடல்களில் பாதிக்கு மேல், இருபது வருடம் கடலுக்கடியில் கிடந்து எழுந்து வந்தவை மாதிரி துருவேறி நிற்கின்றன. 131 டுனீசியாவில் போர்க்களத்தில் இருந்ததோ சில வாரங்கள். அதற்குள் புழுதி படியும், எண்ணெய் வழியும், காலணி தேய்த்துப் பெயின்ட் மழுங்கும். துரு எங்கிருந்து வந்தது? இன்னொரு மாடலைப் பார்த்து மாடல் செய்கிறவர்களுக்கு வரும் வியாதி இது. வாரத்துக்கு ஒருமுறை அசல் இரும்பைத் துடைக்கிறவர்களுக்கு வருவதில்லை. இவருடைய டைகரில் துருவே இல்லை. ஓட்டுநர் ஏறி இறங்கும் துவாரத்தின் விளிம்பில் மட்டும் நிறம் தேய்ந்து இரும்பு பளிச்சிடுகிறது.

மறுநாள் முதல் உலகப் போர்க் கூடத்தில் அவர் பார்வையாளர்களுக்கு விளக்குவதைக் கேட்டேன். உலகில் எஞ்சியிருக்கும் ஒரே மார்க்-1 டாங்கி அங்கே இருக்கிறது. அந்த டாங்கிகளில் எட்டுப் பேர் அடைந்துகொண்டார்கள். எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. திருப்பி ஓட்டுவதற்கே நான்கு பேர் தேவை. சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் தட்டியும் சைகை காட்டியும் வேலை நடந்தது. புகையும் வெக்கையும் சேர்ந்து ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். ஒரு சிறுவன், "இது எத்தனை பேரைக் கொன்றது?" என்று கேட்டான். அவர், "நீ உள்ளே இருந்தால் எந்த வழியாக வெளியே வருவாய், காட்டு" என்று கேட்டார். பையன் சுற்றிச் சுற்றி வந்தான். வழி ஒவ்வொன்றும் குறுகல். இது மாடல் செய்கிறவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி என்று எனக்குப் பட்டது. ஐந்து சென்டிமீட்டர் மனிதனை அந்தத் துவாரத்தில் நுழைக்கப் பார்த்து, தோளை அரத்தால் ராவிய கை அல்லவா?

மாடல் செய்கிறவர்களின் சங்கக் கூட்டத்தில்தான் ஒரு செவிலியரைச் சந்தித்தேன். கிராமத்துப் பொதுமண்டபம், தேநீர், பிஸ்கட், மேசை மேல் வரிசையாக வேலைப்பாடுகள். அவர் டாங்கி செய்வதில்லை, மனிதர்களை மட்டும் தீட்டுகிறார். இரவுப் பணி முடிந்து வீடு வந்ததும் தூக்கம் வராதாம். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு முகம். தலை ஏழு மில்லிமீட்டர்கூட இராது. கண்ணில் சுத்த வெள்ளை வைத்தால் மிரண்ட பொம்மை ஆகிவிடும், சாம்பல் கலந்த வெள்ளைதான் என்றார். மேல் இமைக்கு ஒரு கருங்கோடு, பாவைக்கு ஒரு புள்ளி. மூச்சை அடக்கிக்கொண்டுதான் அந்தப் புள்ளி.

அவர் மேசையில் இருந்தது மூன்று பேர் கண்ணிவெடி தேடும் காட்சி. டுனீசியா, 1943 ஏப்ரல், வாடி அகாரித். நாலாவது இந்திய டிவிஷன் அங்கே போரிட்டது. அதில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் 12-வது பீல்டு கம்பெனியும் இருந்தது. தமிழர்கள் நிறையப் பேர் இருந்த படை. இதே படையின் 11-வது பீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், 1944-ல் இத்தாலியில் மிக்னானோ அருகே, உடன் வந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு உயிர்விட்டார். அந்த வீரச்செயலுக்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது. இதை எனக்குச் சொன்னது அந்தச் செவிலியர். பள்ளிப் பாடத்தில் நான் படித்ததில்லை.

ஜெர்மானியச் சிப்பாய் பொம்மைகள் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. மதராஸ் சாப்பருக்கு அவர் ஒரு பிரிட்டிஷ் சிப்பாயை எடுத்துத் தலையை மாற்றி, பட்டியால் முகத்தை வளர்த்து உருவாக்கியிருந்தார். சதை நிறம் என்று லேபிள் ஒட்டி விற்கும் குப்பியில் இருப்பது வெள்ளைக்காரன் நிறம். கரும்பழுப்பு, செம்மண், துளி நீலம் என்று தானே கலந்து வைத்திருந்தார். என் புறங்கையை விளக்கின் கீழ் வைக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் கேள்விகள். சட்டைக் கையை எதுவரை சுருட்டியிருப்பார்கள்? வேலை நேரத்தில் தலையில் இரும்புத் தொப்பியா, துணியா? கழுத்தில் கயிறு தெரியுமா, அதில் என்ன தொங்கும்? காப்பகத்தில் அவர் பார்த்த படங்களில் இந்தியச் சிப்பாய்கள் தூரத்தில் நிற்கிறார்கள், பெயரில்லாமல்.

ஒரு படமோ கதையோ எவ்வளவு மாற்றும் என்பதற்கு 131 சாட்சி. அது பிடிபட்டது ஏப்ரல் 21, ஜெபல் ஜாஃபா என்ற இடத்தில் என்றுதான் நெடுங்காலம் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் போரில் இருந்த காலாட்படைச் சிப்பாய் ஒருவரின் மகன் அருங்காட்சியகத்துக்கு வந்தார். தன் அப்பா சொன்ன கதையோடு இந்த டாங்கி ஒத்துப்போவதைச் சொன்னார். பழைய படங்களை நிலத்தோடு ஒப்பிட்டுத் தேடிய பிறகு, இடம் வேறு, நாளும் ஏப்ரல் 24 என்று திருத்தினார்கள். உலகமே அறிந்த டாங்கிக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத சாப்பருக்கு?

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ மதராஸ் சாப்பர்ஸில் இருந்திருந்தால், வீட்டுச் சுவரிலோ டிரங்குப் பெட்டியிலோ இருக்கும் படத்தை வெளியே எடுங்கள். ஃபிரேமுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஓரத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பட்டாளத்துச் சம்பளப் புத்தகம், பதக்கம், கடிதம் இருந்தால் அவற்றையும். வீட்டில் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பெயர், ஊர், கம்பெனி எண், ஆண்டு நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெங்களூரில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் மையத்தில் சாப்பர்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு பிரதியை அங்கே அனுப்பலாம். படத்தின் பின்புறம் எழுதப் பேனாவைத் தொடாதீர்கள், மை ஊறிவிடும். மெல்லிய பென்சில் போதும்.