அவருக்கு ஒரு பெயர் இருந்தது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று ஆடிப்பெருக்கு. காலையில் அம்மாவோடு காவிரிக்குப் போய், படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டு, காப்பரிசி தின்றபடி வீடு திரும்பினோம். கை ஈரம் காய்வதற்குள் அம்மா அலமாரியைத் திறந்து ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை எடுத்துவிட்டார். ஒவ்வோர் ஆடிப்பெருக்கன்றும் முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வருவதும் இதே நாளில்தானே.

தாத்தா ‘கல்கி’ இதழிலிருந்து வாராவாரம் பிரித்தெடுத்து பைண்டு செய்த புத்தகம் அது. 1950 அக்டோபர் 29இல் தொடங்கி 1954 மே 16 வரை வந்த தொடர். ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். மணியம் வரைந்த படங்கள் பழுப்பேறிவிட்டன. ஒவ்வொரு பாகத்தின் முதல் தாளிலும் தாத்தா பாத்திரங்களின் பெயர்களைப் பென்சிலால் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பென்சிலால் செய்ததைத்தான் நானும் நான்கைந்து நண்பர்களும் விக்கியில் செய்கிறோம். பாத்திரத்துக்கு ஒரு பக்கம், ஊருக்கு ஒரு பக்கம், அத்தியாயத்துக்கு ஒரு பக்கம். யாரும் வந்து தொகுக்கலாம். கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமை ஆனதால் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் எளிது. உள்ளே எழுதுவதில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை. வருவதெல்லாம் தலைப்பில்தான்.

இன்று மாலை பேச்சுப் பக்கத்தில் புதிய கோரிக்கை ஒன்று: ‘ஊமைராணி’ என்ற பக்கத்தை ‘மந்தாகினி’ என்ற பெயருக்கு நகர்த்த வேண்டுமாம். கையொப்பமும் இல்லை, காரணமும் இல்லை. எங்கள் கொள்கையைச் சுட்டிக்காட்டி, “வேண்டாம்” என்று பதில் எழுதினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்தக் கொள்கை ஒரே வரிதான்: கதைசொல்லி அதிகமாக அழைக்கும் பெயரே தலைப்பு.

இந்த ஒரு வரி எங்களை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. அருள்மொழிவர்மரையே எடுத்துக்கொள்ளலாம். வரலாறு படித்தவர்கள் வந்து ‘முதலாம் ராஜராஜ சோழன்’ என்று மாற்றச் சொல்வார்கள். கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் ‘இராசராசன்’ என்பார்கள். கல்வெட்டில் ஊறியவர்கள் ‘அருமொழி’ என்பதுதான் சரி என்று சொல்லி, அருமொழிதேவ வளநாடு என்று ஒரு நாட்டுப் பிரிவே இருந்ததைக் காட்டுவார்கள். மூன்று தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் ராஜராஜர் முடிசூடியது 985இல். கதை நடக்கும்போது அவர் இன்னும் ராஜராஜர் ஆகவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தேடுகிற வாசகர், கல்கி எழுதிய பெயரைத்தான் தட்டச்சு செய்வார்.

மற்ற பெயர்களை நாங்கள் தூக்கி எறிவதில்லை. வழிமாற்றாக வைத்திருக்கிறோம். ‘இராசராசன்’ என்று தேடினாலும் ‘அருமொழி’ என்று தேடினாலும் அதே பக்கம் திறக்கும். தலைப்புக்குக் கீழே, எந்தப் பெயரிலிருந்து வந்தோம் என்று சின்ன எழுத்தில் காட்டும். பூங்குழலிக்குச் ‘சமுத்திரகுமாரி’, ஆழ்வார்க்கடியானுக்குத் ‘திருமலை’, குந்தவைக்கு ‘இளையபிராட்டி’ என்று இப்படி எத்தனையோ வழிகள். விக்கியிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். எந்த வாசலில் நுழைந்தாலும் கூடம் ஒன்றே.

ஆகஸ்ட் 9, சனி

காலை முழுவதும் ஒரே வேலை. ‘பௌத்த பிக்குகள்’ என்ற தலைப்பில் இரண்டு பக்கங்கள் இருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றில் அநுராதபுரத்துச் செய்திகள், மற்றொன்றில் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தைப் பற்றிய செய்திகள். ஒரே பெயரில் இரண்டு பக்கங்களை மென்பொருள் எப்படி அனுமதித்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் ‘பௌ’ ஒரே எழுத்தாக இருந்தது. மற்றொன்றில் ‘பெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தைத் தட்டியிருந்தார்கள். நமக்கு ‘பௌ’, கணினிக்குப் ‘பெள’. ‘ஸ்ரீ’யிலும் இந்தத் தொல்லை உண்டு. இரண்டு விதமான குறியீடுகளில் எழுதலாம், திரையில் வேறுபாடே தெரியாது.

இரண்டையும் ஒன்றாக்கி, பிழையான வடிவத்தை வழிமாற்றாக விட்டேன். இனி யாராவது அப்படித் தட்டினாலும் வழி தவற மாட்டார்கள்.

ஓர் எழுத்துக்கு இவ்வளவு பாடா என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். ஒரு ஸ்டார் ட்ரெக் படத்தின் பெயரில் ‘இன்டு’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவதா, சின்ன எழுத்திலா என்று 2012 இறுதியிலும் 2013 தொடக்கத்திலும் ஆங்கில விக்கிப்பீடியாவில் 40,000 சொற்களுக்கு மேல் விவாதித்தார்கள். கடைசியில் பெரிய எழுத்தே நின்றது. எங்களுக்கு அது ஓர் ஒற்றெழுத்து: வந்தியத்தேவனா, வந்தியதேவனா? வலி மிகும் என்று நான் நின்றேன், கல்கியும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். பெயரைச் சரியாக எழுதுவது அந்த ஆளுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை. அதற்குச் செலவாகும் நேரம் வீண் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று வந்த கோரிக்கை மனத்தைப் பதறவைத்தது. ஐந்தாம் பாகத்தில் ஒரு பாத்திரம் உண்மையில் யார் என்பது தெரியவரும். படித்தவர்களுக்குப் புரியும். படிக்காதவர்களுக்காக அந்தப் பெயரை இந்த நாட்குறிப்பிலும் எழுதமாட்டேன். ஒருவர் அந்தப் பாத்திரத்தின் பக்கத்தையே அவருடைய வரலாற்றுப் பெயருக்கு நகர்த்தச் சொல்கிறார். “உண்மையான பெயர் அதுதானே?” என்கிறார்.

அவர் சொல்வது உண்மைதான். ஆனால் விக்கியில் தலைப்பு என்பது பக்கத்தைத் திறந்த பிறகு படிப்பதன்று. தேடுபெட்டியில் இரண்டு எழுத்து தட்டியதுமே கீழே வரிசையாக வந்து நிற்கும். ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது. 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் இரண்டு படங்களும் வந்த பிறகு, முதன்முறையாகப் புத்தகத்தைத் தொடுகிற இளைஞர்கள் நிறையப் பேர் இங்கே வருகிறார்கள். இரண்டாம் பாகத்தில் இருக்கும்போது, இது யார் என்று பார்க்கத்தான் வருவார்கள். அவர்களிடம் ஐந்தாம் பாகத்தைப் போட்டு உடைப்பது பாவம். கல்கி முதல் பாகத்திலேயே மூடுபல்லக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார், திரை எப்போது விலக வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்தார். அந்தத் திரையை நாம் இழுக்கக் கூடாது.

மறுத்துவிட்டேன். உண்மைப் பெயர் பக்கத்தின் உள்ளே, எச்சரிக்கைக் குறிப்புக்குக் கீழே இருக்கும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை நாள். வீட்டில் எல்லோரும் கொடியேற்றத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு விபத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

புதிதாக வந்த ஒருவர், நல்ல மனத்தோடுதான், ‘ஊமைராணி’ பக்கத்தில் இருந்ததை எல்லாம் வெட்டி, ‘மந்தாகினி’ என்று புதுப் பக்கம் தொடங்கி ஒட்டிவிட்டார். சொற்கள் வந்துவிட்டன, வரலாறு வரவில்லை. எந்த வரியை யார் எழுதினார், எந்தத் தேதியில் யார் பிழை திருத்தினார் என்ற பதிவு முழுவதும் பழைய பக்கத்திலேயே தங்கிவிட்டது. புதிய பக்கம் சொன்னபடி பார்த்தால் அத்தனையும் அவர் ஒருவரே எழுதியது. பூதத்தீவைப் பற்றியும் மாதோட்டத்தைப் பற்றியும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இரவெல்லாம் கண்விழித்து எழுதிய பத்திகளில் அவர் பெயர் மறைந்துபோயிருந்தது.

‘நகர்த்து’ என்ற பொத்தான் இருப்பதே இதற்காகத்தான். அது பக்கத்தை வரலாற்றோடு சேர்த்துத் தூக்கிப் புதிய பெயரில் வைக்கும், பழைய பெயரில் வழிமாற்றையும் தானே விட்டுவிட்டுப் போகும். ஒட்டியதை நீக்கி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். புதியவருக்குப் பொறுமையாக விளக்கிக் கடிதம் எழுதினேன். வருத்தம் தெரிவித்தார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: “அந்தம்மாவுக்குப் பெயர் இருக்கும்போது, நாம் ஏன் அவருடைய குறையைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்?”

பதில் எழுதக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டு நாட்களாக அந்தக் கேள்வி கூடவே வருகிறது.

சின்ன வயதில் எங்கள் தெருவில் பேச்சு வராத ஒரு பாட்டி இருந்தார். தெருவே அவரை ‘ஊமையம்மா’ என்றுதான் சொல்லும். திட்டுவதாக நினைத்து யாரும் சொன்னதில்லை. பால்காரர், தபால்காரர், நாங்கள், எல்லோரும் அன்பாகத்தான் சொன்னோம். அவர் காலமான மறுநாள், தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கீழே இருந்த பெயரைப் பார்த்து, இது யார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவும் கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கல்கியைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாத ஒரு பெண்ணைக் கதையின் ஆணிவேராக வைத்து, காவிரியில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றும் கைகளை அவருக்குக் கொடுத்தவர் அவர். ‘ராணி’ என்ற சொல்லிலும் பரிவு இருக்கிறது. மந்தாகினி என்ற பெயரைக் கொடுத்தவரும் அவரே. கதைக்குள் மற்றவர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதை ‘ஊமைராணி’ காட்டுகிறது, அங்கே அது இருக்கத்தான் வேண்டும். விக்கிப் பக்கத்தின் தலைப்பு நாம் வைப்பது. அதற்கு நாம்தான் பொறுப்பு.

ஆழ்வார்க்கடியானோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவருக்கும் வேறு பெயர் உண்டு. ஆனால் ‘ஆழ்வார்க்கடியான்’ அவரே பெருமையோடு சொல்லிக்கொள்கிற பெயர், ஆகவே தலைப்பாக நிற்கலாம். ‘ஊமைராணி’ பிறர் இட்டது. வேண்டாம் என்று சொல்லவும் வாயில்லாத ஒருவர்மேல் இட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

பேச்சுப் பக்கத்தில் என் முந்தைய பதிலைத் திரும்பப் பெற்றேன். காரணத்தையும் எழுதினேன். எதிர்வாதம் ஒன்று வந்தது: “பெயரைத் தலைப்பில் வைத்தால் மர்மம் கெடாதா? பன்னிரண்டாம் தேதி நீங்களே அப்படித்தானே சொன்னீர்கள்?” நியாயமான கேள்வி. ‘மந்தாகினி’ என்ற பெயரைப் பார்ப்பவருக்கு அவர் யார், யாருக்கு என்ன உறவு என்பது எதுவும் தெரியாது. பெயர் தெரிவது வேறு, முடிச்சு அவிழ்வது வேறு. யாழ்ப்பாணத்து நண்பரும் ஒப்புக்கொண்டார்.

கொள்கையில் இரண்டு வரிகள் கூடின. பிறர் இட்ட பெயரும் சொந்தப் பெயரும் கதையிலேயே இருந்தால், சொந்தப் பெயரே தலைப்பு. சொந்தப் பெயர் கதையின் முடிச்சை அவிழ்க்குமானால், அது தலைப்பில் வராமல் பக்கத்தின் உள்ளே வரும்.

இரவு, தாத்தாவின் பென்சில் பட்டியலைப் புரட்டினேன். இரண்டாம் பாகத்தின் முதல் தாளில் ‘பேசாத பெண்’ என்று எழுதியிருக்கிறார். அதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில், பிறகு எழுதியதென்று தெரியும்படி வேறு பென்சிலில், ‘மந்தாகினி’. அடித்ததை இன்றைக்கும் படிக்க முடிகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு ‘நகர்த்து’ பொத்தானை அழுத்தினேன். தொகுப்புச் சுருக்கத்தில் ‘பேச்சுப் பக்க முடிவின்படி, சொந்தப் பெயருக்கு’ என்று எழுதினேன். பிறகு ‘இப்பக்கத்தை இணைத்தவை’ பட்டியலைத் திறந்து, ‘சிங்களநாச்சியார்’, ‘ஊமை ராணி’ என்று இடைவெளி விட்டு எழுதியது எனப் பழைய தலைப்பையே காட்டிக்கொண்டிருந்த வழிமாற்றுகளை எல்லாம் புதியதை நோக்கித் திருப்பினேன். வழிமாற்றிலிருந்து இன்னொரு வழிமாற்றுக்குப் போனால் மென்பொருள் பாதியில் நின்றுவிடும். வாசகர் ஓர் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எல்லாம் முடிய மதியமாகிவிட்டது.

விக்கிகளில் எழுதுகிறவர்களுக்கு, எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயரை மாற்றத் தயங்காதீர்கள். ஆனால் வெட்டி ஒட்டாமல் நகர்த்துங்கள், காரணத்தை எழுதுங்கள், பழைய பெயரில் தேடி வருபவருக்கு வழி வையுங்கள். தலைப்பிடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பெயரில் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க விரும்புவாரா?

இனி ‘ஊமைராணி’ என்று தேடுகிறவர்களுக்கும் மந்தாகினியின் பக்கமே திறக்கும்.