பிடித்த பணத்துக்கு வரி எப்போது?

2025 ஜூலை 1 முதல் மலேசியாவில் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி. சேவையின் மதிப்பு பன்னிரண்டு மாதத்தில் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். குடியிருப்புக் கட்டடங்களுக்கு வரி இல்லை. கூலாய், குளுவாங் பக்கம் கால்வாய், சுற்றுச்சுவர் என்று சில்லறை வேலை எடுக்கும் நம்மவர்கள் பலர் இந்த வரம்புக்குக் கீழேயே நின்றுவிடுவார்கள். மாட்டிக்கொள்வது நடுத்தரக் குத்தகையாளர்.

ஜே.கே.ஆர். (பொதுப்பணித் துறை) ஒப்பந்தத்தில் வங்கி உத்தரவாதம் கொடுக்க முடியாதவருக்கு ஒரு வழி உண்டு: 'வாங் ஜாமினான்'. ஒவ்வொரு பில்லிலும் 10 விழுக்காடு பிடிப்பார்கள், ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு சேரும்வரை. 20 லட்சம் வெள்ளி வேலை என்றால், 10 லட்சத்துக்குப் பில் போட்டு முடிக்கும்போது ஒரு லட்சம் உள்ளே போயிருக்கும். குறை திருத்தும் காலம் முடிந்து சான்றிதழ் கிடைத்த பிறகே அது வெளியே வரும்.

இந்த ஒரு லட்சத்துக்கு வரி 6,000 வெள்ளி. யார், எப்போது கட்டுவது?

2018 சேவை வரிச் சட்டப்படி பணம் கைக்கு வரும்போதுதான் வரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு வால்: இன்வாய்ஸ் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் பணம் வராவிட்டால், அதற்கு மறுநாளே வரி கட்டவேண்டியதாகிவிடும். வேலைக்கு 10 மாதம், குறை திருத்த 12 மாதம் என்று வையுங்கள். முதல் பில்லில் பிடித்த பணம் ஏறக்குறைய இரண்டு வருடம் அரசாங்கத்திடம் இருக்கும். அதற்குள் கஸ்டம்ஸ் வரி கேட்டுவிடும். பிடித்து வைத்திருப்பதும் அரசாங்கம், அதற்கு வரி கேட்பதும் அரசாங்கம்!

ஆகவே இன்வாய்ஸில் என்ன எழுதுகிறோம் என்பதே பாதி விஷயம். பிடித்த தொகையையும் சேர்த்து முழுத் தொகைக்கு எழுதினால் 12 மாதக் கணக்கு அன்றே ஓடத் தொடங்கிவிடும்.

தனியார் வேலையில் பிடிக்கும் ரிட்டென்ஷன் வேறு. அது இன்னும் உரியதாகாத பணம். ஜாமினான் அப்படியில்லை. உரியதான பணத்தைக் கொடுத்ததுபோல் காட்டி, பிணையாக வாங்கிக்கொள்வது. 'பணம் ஏற்கெனவே வந்ததாகத்தானே அர்த்தம், 12 மாதம்கூட எதற்கு?' என்று ஓர் அதிகாரி வாதிட்டால் பதில் சொல்வது லேசல்ல. இரண்டையும் ஒரே பெயரில் கணக்கெழுதுவது ஆபத்து என்பேன்.

2015 ஏப்ரலில் வந்து 2018-இல் போன ஜி.எஸ்.டி.யை எல்லோரும் திட்டினார்கள். ஆனால் அதில் பிடித்த பணத்துக்கென்றே தனி விதி இருந்தது: கைக்கு வந்த நாள், வரி இன்வாய்ஸ் எழுதிய நாள், இரண்டில் எது முந்தியதோ அன்று வரி.

தமிழ்நாட்டில் பிடித்தம் என்றால் வேறு கதை. அங்கே இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட அரசு ஒப்பந்தங்களில் கொடுக்கும் தொகையில் 2 விழுக்காட்டை வரியாகப் பிடிக்கிறார்கள், 2018 அக்டோபர் முதல். அது குத்தகையாளர் கணக்கில் வரவாகச் சேர்ந்துவிடும். விற்பனை வரி போடுமளவுக்குக் கட்டட வேலையில் 'விற்பனை' இருக்கிறதா என்று சென்னை மாகாண அரசும் கேனன் டங்கர்லி கம்பெனியும் உச்ச நீதிமன்றம்வரை போனதும் அங்கேதான். 1958-இல் கம்பெனி ஜெயித்தது. 1982-இல் அரசியல் சட்டத்தையே திருத்தி வரி போட்டார்கள்.

வங்கி உத்தரவாதம் கொடுத்துவிட்டால் ஜாமினான் பிடிப்பே இல்லை, இந்தத் தலைவலியும் இல்லை. ஆனால் சின்ன கம்பெனியிடம் வங்கி வைப்புத் தொகை கேட்கும். அந்தப் பணம் இருந்தால் அவர் சிமெண்டுக்கல்லவா கொடுப்பார்.