வாசல் தெளிக்காமல் கோலமா?

எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் பாதி தீர்ந்த வெள்ளைக் களிம்பு டியூப் ஒன்று கொஞ்ச காலம் இருந்தது. தீப்புண்ணுக்குப் போடுகிற களிம்பு. அது கண்ணில் பட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். என் பிள்ளையின் புண்ணைக் காப்பாற்றியதும் அந்தக் களிம்புதான். அதைப் போடத் தெரியாமல் போட்டு, ஆறி வந்த புண்ணைக் கெடுத்து, அவனை மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தவளும் நான்தான். என்னைப் போல இன்னொரு தாய் அழக்கூடாது என்றுதான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

2018-ஆம் வருஷம், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. பூஜை முடித்துச் சமையலை இறக்கிக் கொண்டிருந்தேன். கொதித்த ரசப் பாத்திரத்தை மேடை ஓரமாக வைத்து, பிடித்து இறக்கிய கரித்துணியை அதன் அடியிலேயே விட்டுவிட்டேன். துணியின் நுனி கீழே தொங்கியது. அப்பளம் பொரிக்கத் திரும்பின அந்த ஒரு நிமிஷத்தில், 2 வயது நிறைந்த என் சின்னவன் துணியைப் பிடித்து இழுத்து விட்டான். ரசம் அவன் இடது தோளிலும் கையிலும் மார்பிலும் கொட்டியது.

அவன் போட்ட கூச்சல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மாமியார், "ஐயோ, இட்லி மாவை எடுத்துக்கிட்டு வா, சீக்கிரம்!" என்று கத்தினார். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். "அம்மா, மாவும் வேணாம், மஞ்சளும் வேணாம். குழாயைத் திறங்க" என்று சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். 20 நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து, வெந்த இடத்தில் மட்டும் தண்ணீரை ஓட விட்டார். மற்ற உடம்பு சில்லிட்டுப் போகாமல் ஒரு துண்டால் சுற்றிக்கொண்டார். கையிலிருந்த காப்பை வீக்கம் வருவதற்குள் கழற்றினார். ஐஸ் வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "கூடாது, அது வெந்த தோலை இன்னும் கெடுக்கும்" என்றார். சுத்தமான வேட்டியால் தளர்வாக மூடி, 108 வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "இதுமேலே என்ன பூசினீங்க?" என்பதுதான். "தண்ணிதான் ஊத்தினோம்" என்றதும் அவர் முகம் தெளிந்தது. "நல்லவேளை. மாவு, மை, பற்பசைன்னு அப்பிக்கிட்டு வர்றாங்க. சில பேர் வீட்டிலே இருக்கிற வெள்ளைக் களிம்பையே பூசிக்கிட்டு வந்துடறாங்க. அப்புறம் புண்ணு எவ்வளவு ஆழம்னு எங்களுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார்.

குழந்தையின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து அளவாக வைத்துப் பார்த்தார். அந்தக் கை அளவு உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதமாம். அவனுக்கு 7 கை அளவு வெந்திருந்தது. "சின்னக் குழந்தைக்கு இது சின்னக் காயம் இல்லேம்மா" என்று உள்ளே சேர்த்துக்கொண்டார்.

களிம்பு போடுவதற்கு முன் அவர் வரிசையாகக் கேள்வி கேட்டது எனக்கு அப்போது விசித்திரமாக இருந்தது. "இவனுக்கு இதுக்கு முன்னாடி சல்ஃபா மருந்து ஏதாவது கொடுத்திருக்காங்களா? கொடுத்து உடம்பெல்லாம் தடிச்சிருக்கா? பிறந்தப்போ மஞ்சள் காமாலை அதிகமா இருந்துதா? வீட்டிலே யாருக்காவது ஜி6பிடி குறைபாடுன்னு சொல்லியிருக்காங்களா?" ஒரு களிம்புக்கு இத்தனை விசாரணையா என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கேள்விகளின் அருமை பிறகுதான் புரிந்தது.

அந்தக் களிம்பின் பெயர் சில்வர் சல்ஃபாடயசின். 100 கிராம் களிம்பில் 1 கிராம் மருந்து. வெள்ளிச் சத்தும் சல்ஃபா மருந்தும் சேர்ந்தது. 1968-ல் அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் ஃபாக்ஸ் இதைத் தீப்புண் மருந்தாக அறிமுகப்படுத்தினார். நம் தோல் வீட்டுக்கு மதில் மாதிரி. அது வெந்து போனால் கிருமிக்குத் திறந்த வாசல்தான். ஆழமாக வெந்த தோலில் ரத்த ஓட்டமும் நின்றுவிடுவதால், வாயில் கொடுக்கிற மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் மேலே பூசுகிற மருந்து. டாக்டர் எழுதித் தந்தால் மட்டுமே வாங்க வேண்டிய மருந்து என்பதையும் மறக்கக்கூடாது.

6 நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தினம் ஒரு தடவை கட்டைப் பிரித்து, பழைய களிம்பைக் கழுவி எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். 4-ஆம் நாள் காட்ட வேண்டும் என்று சொன்னார்கள். நர்ஸம்மா செய்து காட்டவும் செய்தார். நானும் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதல் நாள் கட்டைப் பிரித்து ஈரத் துணியை வைத்ததுதான் தாமதம், பிள்ளை துடித்த துடிப்பைப் பார்க்க முடியவில்லை. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கழுவாட்டிப் போகுது, மேலேயே போடேன். மருந்து மருந்துதானே?" என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. தாய் மனசு என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது பயம். பழைய களிம்பு மேல் புதுக் களிம்பு. மறுநாள் அதன் மேல் இன்னொரு பூச்சு. மூன்று நாளும் இப்படியே. பிள்ளை அழவில்லை என்று எனக்குப் பெருமை வேறு!

மூன்றாம் நாள் ராத்திரி உடம்பு அனலாய்க் கொதித்தது. கட்டிலிருந்து ஒரு வாடை. விடியும் வரை காத்திருக்கக்கூடாது என்று என்னவர் வண்டி பிடித்து வந்தார்.

நர்ஸம்மா கட்டைப் பிரித்ததும் பாலாடை மாதிரி மஞ்சளும் சாம்பலுமாகக் கெட்டியான ஒரு படலம். "சீழா?" என்று கேட்டேன். குரல் வரவில்லை. "இந்தப் படலம் முழுக்கச் சீழ் இல்லேம்மா. களிம்பும் புண்ணிலே ஊறுற நீரும் சேர்ந்தா இப்படித்தான் ஆகும். தினம் கழுவி எடுத்தாத்தான் அடியிலே என்ன நடக்குதுன்னு தெரியும்" என்றார். கழுவி எடுத்தபோது தெரிந்தது. தோள் பக்கம் புண் கெட்டு, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. மறுபடியும் 5 நாள் ஆஸ்பத்திரி, ஊசி, ரத்தப் பரிசோதனை.

நான் சுவரில் சாய்ந்து அழுதேன். நர்ஸம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏம்மா, உங்க வீட்டிலே காலையிலே கோலம் போடறது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சிஸ்டர்."

"நேத்துக் கோலத்து மேலேயே இன்னிக்குக் கோலம் போடுவியா?"

"மாட்டேன். பெருக்கி, தண்ணி தெளிச்சிட்டுத்தான் போடுவேன்."

"அவ்வளவுதாம்மா விஷயம். வாசலுக்குச் செய்யறதைப் புள்ளைக்குச் செய்ய மறந்துட்டே."

அன்றிலிருந்து அவர் கூடவே நின்று கற்றுக்கொண்டேன். அதை உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன். ஆனால் உங்கள் டாக்டர் வேறு விதமாகச் சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.

வலி மருந்தை டாக்டர் சொன்ன அளவில், கட்டுப் பிரிக்க அரை மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். நான் முதலில் செய்யாமல் விட்டது இதைத்தான். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்த்து இழுக்கக்கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரால் நன்றாக நனைத்தால் தானே விட்டுக்கொடுக்கும். பழைய களிம்பை காஸ் துணியால் மெதுவாகக் கழுவி எடுத்து, ஒற்றி உலர்த்த வேண்டும். தேய்க்கக்கூடாது. கொப்புளம் இருந்தால் நாமாக உடைக்கக்கூடாது.

பிறகு கையுறை போட்டுக்கொண்டு புதுக் களிம்பு. ஒரு ரூபாய் நாணயத்தின் கனம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். புண் எங்கேயும் வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான். அதிகம் அப்பினால் அதிகம் குணம் என்பதில்லை. டியூபின் வாய் புண்ணில் படக்கூடாது. வேண்டியதைச் சுத்தமான காஸ் துணியில் பிதுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். விரல்கள் வெந்திருந்தால் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். முகத்தில், முக்கியமாகக் கண்ணோரத்தில் இதைப் போடக்கூடாது. களிம்பின் நிறம் கறுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

காய்ச்சல், வாடை, பச்சையாக நீர் கசிவது, புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுவது, வலி கூடுவது, உடம்பில் தடிப்பு, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது — இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

இரண்டாவது தடவை நான் எதிலும் தவறவில்லை. அழுதாலும் பாட்டுப் பாடிக்கொண்டே கழுவினேன். மாமியார் கிலுகிலுப்பையை ஆட்டுவார். பத்து நாளில் ஓரமெல்லாம் ரோஜா நிறத்தில் புதுத் தோல் தலைகாட்டியது. அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா, "இனிமே இந்தக் களிம்பு வேண்டாம்" என்று வேறு கட்டுப் போட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "இதிலேதானே ஆறிச்சு டாக்டர்? இன்னும் ஒரு டியூப் எழுதிக் கொடுங்களேன்" என்றேன். அவர் சிரித்தார். "காவக்காரன் வேலை முடிஞ்சிடுச்சும்மா. கிருமி பயம் இருந்த வரைக்கும் இது வேணும். இப்போ தோல் வளர்ற நேரம். இது அந்த வளர்ச்சியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும்" என்றார். 2013-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் இதையே சொல்கிறதாம்: மேலோட்டமான தீப்புண்கள் இந்தக் களிம்பைவிட வேறு சில கட்டுகளில் சீக்கிரம் ஆறுகின்றன என்று. சின்னச் சூட்டுக் காயத்துக்கெல்லாம் இதைத் தேடி ஓட வேண்டியதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இப்போது அந்தப் பாதி டியூபுக்கு வருகிறேன். 2019-ல் என் ஓரகத்தி நிறைமாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். குக்கர் ஆவி அடித்து மணிக்கட்டு சிவந்து கொப்புளித்துவிட்டது. "அக்கா, சின்னவனுக்குப் போட்ட களிம்பு இருக்குமே, கொஞ்சம் தாயேன்" என்றாள். பெட்டியைத் திறந்து டியூபைக் கையில் எடுத்துவிட்டேன். மூடியைத் திருகும்போதுதான் டாக்டரம்மாவின் கேள்விகள் ஞாபகம் வந்தன. நர்ஸம்மா கற்றுக்கொடுத்தபோது சொன்னதும் வந்தது: "நிறைமாசக்காரிக்கும், 2 மாசம் ஆகாத பச்சைக் குழந்தைக்கும், குறைமாசக் குழந்தைக்கும் இதை எடுத்து நீட்டிடாதே." சல்ஃபா மருந்து சிசுவின் ரத்தத்தில் கலந்தால், மஞ்சள் காமாலைப் பொருள் மூளை வரைக்கும் போய்ப் பாதிக்கலாமாம்.

என் கை நடுங்கியது. டியூபை மூடினேன். "இது வேணாம்டி, வா குழாயடிக்கு" என்று இழுத்துக்கொண்டு போனேன். 20 நிமிஷம் தண்ணீர்; பிறகு சுத்தமான துணி; பிறகு டாக்டர். அவர் சாதாரணக் கட்டுத்தான் போட்டார். நாலு நாளில் வலி போனது. 12 நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. அதைக் கையில் வாங்கியபோது நான் ஏன் தேம்பினேன் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

அன்று மாலையே அந்த டியூபைக் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பொட்டலமாகக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிட்டேன். ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்து அந்த ஒருவருக்குத்தான். மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த வீட்டுக்குக் கொடுக்க, அது புளியோ காபிப் பொடியோ இல்லை.

சின்னவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தோளில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. மற்ற இடமெல்லாம் சுவடே இல்லாமல் ஆறிவிட்டது. தழும்பு நின்றது, நான் கழுவாமல் விட்ட அந்த இடத்தில்தான். தினம் குளிப்பாட்டும்போது என் கண்ணில் படும்.

எங்கள் அடுப்பு மேடையில் இப்போது துணி தொங்குவதில்லை. விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போதெல்லாம் அந்த நர்ஸம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.