ஒரு பெயர், இரு நோயாளிகள்



புற்றுநோய் ஆய்வுக்காக மருத்துவமனைப் பதிவேடுகளைக் கணினியில் ஒழுங்குபடுத்துவது என் பணி. நான் மருத்துவன் அல்லன். எனினும் என் கணக்குப் பிசகினால் ஆய்வாளரின் முடிவும் பிசகிவிடும்.

நம் நாட்டில் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 1982 முதல் விவரங்களைத் திரட்டி வருகிறது. ஒருவரே ஓரிடத்தில் பரிசோதனையும் வேறிடத்தில் சிகிச்சையும் பெறுவதுண்டு. இரு பதிவுகளையும் இணைக்காவிடில் ஒரு நோயாளி இருவராகிவிடுவார். இருவரை ஒருவராக்கிவிட்டாலோ, ஒருவரின் மரணம் மற்றவரின் கணக்கில் ஏறிவிடும். எந்தச் சிகிச்சை எத்தனை ஆண்டு ஆயுளைக் காத்தது என்ற விடையே மாறிவிடும்.

முஹம்மது என்னும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' முறை, முதலெழுத்தை வைத்துக்கொண்டு, மற்ற மெய்யொலிகளுக்கு எண் தருகிறது. ஆகவே அவ்வடிவங்கள் பலவும் ஒரே குறியீட்டில் அடங்குகின்றன. ஆனால் 'எம்.டி.' என்று சுருக்கினால் குறியீடு வேறாகிறது. மஹ்மூதுக்கோ முஹம்மதின் குறியீடே கிடைக்கிறது! பிறந்த தேதி, தந்தை பெயர், முகவரி ஆகியவையே அப்போது கைகொடுக்கின்றன.

ஆகவே, எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் பெயரைச் சுருக்காமல் ஒரே எழுத்துக்கூட்டலில் தாருங்கள். வயதையும் முகவரியையும் மறைக்காதீர்கள். ஆய்வாளரிடம் அளிக்குமுன் பெயர்களை நாங்கள் நீக்கிவிடுகிறோம். தாங்கள் தரும் விவரம் எங்களிடம் அமானிதம். நாளை நோயுறும் ஒருவருக்கு அது மருந்தாகலாம்.