பள்ளிக்கரணைச் சேற்றில் ஒரு நிக்கல் பட்டறை

தாம்பரத்தில் இருந்து வேளச்சேரி போகும் பஸ்ஸில், மேடவாக்கம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரத்துக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வருகிறது என்று அர்த்தம். (பாதி நாற்றம் பெருங்குடி குப்பைமேட்டுடையது. பழி மட்டும் சேற்றின் தலையில்!) அதே பஸ்ஸில் கரிம வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்து 'நிக்கல் வினையூக்கி, கார்பனைலேற்றம்' என்று உருப்போடும் மாணவர்களும் உண்டு. அந்த வினை ஜன்னலுக்கு வெளியே சேற்றுக்குள் நடக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கார்பனைலேற்றம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு மூலக்கூறுக்குள் கார்பன் மோனாக்சைடைச் செருகுவது, அவ்வளவுதான். மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டினால் ஆளைக் கொல்லுமே, அதே வாயு. அதைப் பிடித்து மூலக்கூறோடு சேர்த்துவைக்க ஒரு உலோகம் வேண்டும். நிக்கல் இதில் கெட்டிக்காரன், விலையும் மலிவு. 1930களின் கடைசியில் ஜெர்மனியில் வால்டர் ரெப்பே அசிட்டிலீன், கார்பன் மோனாக்சைடு, தண்ணீர் மூன்றையும் நிக்கல் கார்பனைல் துணையோடு சேர்த்து அக்ரிலிக் அமிலம் செய்தார். இன்று அதைப் பெரும்பாலும் புரொப்பிலீனில் இருந்து செய்கிறார்கள்.

நிக்கலிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. 1890ல் லுட்விக் மாண்ட் குழு கண்டுபிடித்த நிக்கல் கார்பனைல், நிக்கலும் இந்த வாயுவும் சேர்ந்தாலே உருவாகிவிடும். 43 டிகிரியில் கொதிக்கும். 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்ததே, அன்று அடுப்பே தேவைப்பட்டிருக்காது! அமெரிக்கத் தொழிற்சாலைகளில் காற்றில் இதற்கு அனுமதித்த அளவு 100 கோடியில் 1 பங்கு. சுவாசித்தவருக்கு முதலில் லேசான தலைவலி; தேறிவிட்டோம் என்று நினைக்கும்போது, பல மணி நேரம் கழித்து நுரையீரல் கெடும்.

அசிட்டிக் அமிலத்துக்கு ஆலைகள் ரோடியத்தையும் இரிடியத்தையும் நம்புகின்றன. நிக்கலையும் விட்டுவிடவில்லை. புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ரகுநாத் சௌதரி குழு, 1990களில் நிக்கலை வைத்து மெத்தனாலை அசிட்டிக் அமிலமாக்கும் வினையை ஆராய்ந்தது. சூடும் அழுத்தமும் தாங்கும் கனத்த எஃகுக் கலன் வேண்டிய வேலை இது.

இப்போது சேற்றுக்கு வருவோம். காற்று புகாத சேற்றில் வாழும் சில நுண்ணுயிரிகள் மெத்தில் துண்டையும் கார்பன் மோனாக்சைடையும் ஒட்டி, அதே அசிட்டைல் துண்டைச் செய்கின்றன. ஒட்டும் இடத்தில் இருப்பது நிக்கல்! எஃகுக் கலனும் இல்லை, அடுப்பும் இல்லை, சேற்றின் சூடே போதும். விஷவாயு வெளியே கசியாதா? கசியாது. ஒரு நிக்கல் மையம் கார்பன் டை ஆக்சைடில் இருந்து அதைச் செய்கிறது. புரதத்துக்குள்ளேயே ஓடும் ஒரு குறுகிய சுரங்கம் வழியாக அது அடுத்த நிக்கல் மையத்துக்குப் போய்ச்சேருகிறது. பொறியாளர்கள் பொறாமைப்பட வேண்டிய குழாய் வேலை.

வேறு சில நுண்ணுயிரிகள் இதே வினையைத் தலைகீழாக ஓட்டி மெத்தேன் விடுகின்றன. சேறு ஒன்றும் புனிதரில்லை. பூமி சூடாவதில் அந்த மெத்தேனுக்கும் பங்கு உண்டு.

ஆனால் இந்த நொதிக்குக் காற்று ஆகாது. தண்ணீரை வடித்து மண்ணை உலர்த்தினால் பட்டறை மூடிக்கொள்ளும். பள்ளிக்கரணையில் சுமார் 1,247 ஹெக்டேர் 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சதுப்பின் மற்ற பகுதிகளில் பலவற்றின் மேல் அடுக்குமாடிகள் நிற்கின்றன.