கல் கரைந்த தண்ணீர்

பல்லாவரத்து போர் தண்ணீரைச் சுடவைக்கும் கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் படியும். கவனிக்காமல் விட்டால் நகத்தால் சுரண்டினாலும் வராது. அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனால் ‘சுர்’ரென்று மெல்லிய சத்தம் கேட்கும், பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும். ஊரே திட்டுகிற இந்தப் படலத்தை எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. அந்தக் குமிழ்களில் இருப்பது, என்றோ பெய்த மழை மண்ணுக்குள் இறங்கும்போது வாங்கிக்கொண்ட கரியமில வாயு.

வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் மண்ணில் அந்த வாயு நிறைய உண்டு. அதைக் குடித்த மழைநீர் லேசாகப் புளித்து, பாறை வெடிப்புகளில் இறங்கி, போகிற வழியில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. அடுப்பில் ஏற்றியதும் வாயுவில் ஒரு பங்கு பறந்துவிட, மீதி வாயுவோடு கால்சியம் சேர்ந்து சுண்ணாம்பாகப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

எங்கள் பக்கத்துப் பாறை சாதாரணப் பாறை இல்லை. கட்டட மேஸ்திரிக்கு அது கருங்கல். உடைத்தால் முக்கால் ஜல்லி. நிலவியல்காரர்களுக்கு அது சார்னோக்கைட். அந்தப் பெயர் கல்கத்தாவில் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்டு ஜாப் சார்னாக் 1690இல் ஹூக்ளிக் கரையில் சுதாநுட்டி என்ற ஊரில் வந்திறங்கினார். சில ஆண்டுகளிலேயே இறந்தும் போனார். புனித ஜான் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இன்னும் இருக்கிறது. வண்டல் மண்ணாலான கல்கத்தாவில் அந்தக் கல்லறைப் பலகை மாதிரிக் கல்லுக்கு வழியில்லை. அது சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். இருநூறு ஆண்டு கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து 1893இல் கட்டுரை எழுதினார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் குன்றுகுன்றாகக் கிடக்கும் பாறைக்கு, கல்லறைக்குள் இருப்பவரின் பெயரையே வைத்தார். சார்னாக்கைக் கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லக் கூடாது என 2003இல் அந்த ஊர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரம் அவர் கையைவிட்டுப் போனது. எங்கள் குன்று மட்டும் உலகத்து நிலவியல் புத்தகங்களில் எல்லாம் அவர் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. பரங்கிமலைப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

இந்தக் கல்லில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கிறது, அதில் மக்னீசியம். கூடவே இருக்கும் ஃபெல்ட்ஸ்பாரில் கால்சியம். கல்லறைப் பலகையாகக் கப்பலேறிய அதே கல், இங்கே துளித்துளியாகக் கரைந்து எங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகிறது. இதை அறிந்த நாளிலிருந்து குழாயைத் திறக்கும்போது எனக்கு ஒரு மரியாதை வருகிறது.

புத்தகம் படிக்காமலே இந்தத் தண்ணீரைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் எங்கள் தெருப் பெண்கள். “பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணி ஊத்துங்க தம்பி, போர் தண்ணியில எத்தனை விசில் விட்டாலும் மலராது” என்று எதிர்வீட்டு அம்மா ஒருமுறை சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் சரி. பருப்பின் செல்களைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடுகிறது. துணிக்கும் பாத்திரத்துக்கும் எந்தக் குழாய், காப்பிக்கு எது, குழந்தைக்குத் தலைகுளிக்க எது என்று அவர்கள் வீட்டுக்குள் தனி அட்டவணையே உண்டு.

வீடு வீடாக ஆர்.ஓ. விற்க வருகிற பையன்கள் பேனா போன்ற டிடிஎஸ் மீட்டரைத் தம்ளரில் முக்கி, எண்ணைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பேனா மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. கரைந்தது என்ன என்று அதற்குத் தெரியாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். கடினத்தன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை.

என் கவலையெல்லாம் மலை தராத ஒன்றைப் பற்றியது. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்கும் போரும் ஒரே மனைக்குள் நிற்கின்றன. டேங்கிலிருந்து கசியும் நைட்ரேட் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 100 மில்லி தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இவை நாக்குக்கும் தெரியாது, பேனாவும் தனியே சொல்லாது. நாம் அலுத்துக்கொள்கிற உப்பு மலையிலிருந்து வந்தது. நாம் பயப்பட வேண்டியது நம் வீட்டிலிருந்தே இறங்கியது. ஆகவே மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். நைட்ரேட்டையும் கோலிஃபார்மையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் அடைந்த மண்ணையும் வாரிவிடுங்கள். புது மழை நிலத்துக்குள் இறங்கினால், அந்த உப்பும் கொஞ்சம் தணியும்.