ஒரு குழிக்கு ஒரு செல்

அம்பத்தூர் தொழிற்பேட்டை என்றால் லேத்தும் பிரஸ்ஸும்தான் நினைவுக்கு வரும். 1964-இல் தொடங்கிய பேட்டை. தகரம் அடிக்கும் சத்தமும் லாரி ஹாரனும் பகல் முழுக்க ஓயாது. அப்படியொரு தெருவில், மாடியில் ஒரு சின்ன ஆய்வகம். மனித இதயத்தின் புரதம் ஒன்றைச் செல்லுக்குள் உருவாக்கி, அதன்மேல் மருந்துகளைச் சோதிக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வேலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதச் சொன்னார்கள்.

அந்தப் புரதம் ஹெர்க். இதயத் தசைச் செல்லின் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் கால்வாய். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் செல் பழைய மின்நிலைக்குத் திரும்ப அது திறந்தாக வேண்டும். வேறெதற்கோ விழுங்கிய மாத்திரை போய் அதை அடைத்துக்கொண்டால், ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளும். துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் 1990-களின் இறுதியில் அமெரிக்கக் கடைகளிலிருந்து மறைந்தது இதனால்தான். நெஞ்செரிச்சலுக்கான சிசாப்ரைடை அங்கே 2000-இல் நிறுத்தினார்கள். நம் நாட்டில் தடை வந்தது 2011-இல். நடுவில் போன அந்தப் பதினோரு ஆண்டுகளை நினைத்தால் மனம் பதறுகிறது. 2005-இல் சர்வதேச வழிகாட்டுதல் வந்தபின், புதிய மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் முன் ஹெர்க் சோதனை செய்வது வழக்கமாகிவிட்டது.

அதற்கு இதயத்தை அறுக்க வேண்டியதில்லை. 1973-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய ஹெச்.இ.கே. 293 செல்லுக்குள் ஹெர்க் மரபணுவைச் செலுத்துகிறார்கள். செலுத்தியது எல்லாச் செல்லிலும் தங்காது. அதனால் ஜி418 என்ற மருந்தைத் தாங்கும் மரபணுவையும் கூடவே அனுப்புகிறார்கள். பிறகு அந்த மருந்தை ஊற்றினால், மரபணு ஏறாத செல்கள் சில நாளில் செத்து மிதக்கும்.

மிஞ்சியதைப் பிரிப்பதில்தான் கைத்திறன். அந்த வேலை, ஆய்வகத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவருடையது. 96 குழித் தட்டில், குழிக்கு ஒரு செல்லுக்கு மேல் விழாதபடி நீர்க்கக் கரைத்து விடுகிறார். பிறகு ஒவ்வொரு குழியாக நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். என்னையும் பார்க்கச் சொன்னார். பளபளவென்று ஒரு வட்டம் தெரிந்தது. "அது செல் இல்ல சார், குமிழி. கொஞ்சம் தள்ளிப் பாருங்க, சுத்தி வெளிச்சமா ஒரு வளையம் தெரியுதா? அதான்." அதே குழியின் ஓரத்தில், நிழலுக்குள் இன்னொரு செல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. அக்கா பேனாவை எடுத்து அந்தக் குழியைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். இரண்டிலிருந்து பெருகிய கூட்டத்தில் ஒரு வம்சம் ஹெர்க்கைச் செய்யும். இன்னொன்று செய்யாமலே வேகமாகப் பெருகி அதை ஓரங்கட்டிவிடலாம். சில மாதம் கழித்து வரும் சோதனை முடிவை நம்ப முடியாது.

தேறிய குழிகள் வளர வாரக்கணக்கில் ஆகும். சில நாளுக்கு ஒருமுறை மீடியா மாற்ற வேண்டும், ஞாயிறானாலும். சாதாரண நுண்ணோக்கிக்குத் தெரியாத மைக்கோபிளாஸ்மா கிருமி புகுந்திருக்கிறதா என்று பிசிஆர் செய்து பார்க்க வேண்டும். புகுந்திருந்தால் அத்தனையையும் கொட்ட வேண்டியதுதான். நல்லதாக நின்றவற்றை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சேமிக்கிறார்கள்.

கடைசிப் பரீட்சை பேட்ச் கிளாம்ப். எர்வின் நேயரும் பெர்ட் சக்மானும் 1976-இல் வெளியிட்டு, 1991-இல் நோபல் பெற்ற முறை. ஏறக்குறைய ஒரு மைக்ரான் முனையுள்ள கண்ணாடிக் குழாயைச் செல்லின்மேல் வைத்து லேசாக உறிஞ்சினால், சவ்வு கண்ணாடியோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். கால்வாய் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளக்கலாம். பக்கத்துப் பட்டறையில் பிரஸ் ஓங்கி விழுந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். அதிர்வு தாங்கும் மேசை இருந்தும், முக்கியமான பதிவுகளை ஷிஃப்ட் முடிந்து பட்டறை அடங்கிய பிறகுதான் எடுக்கிறார்கள்.

மின் இரைச்சலைத் தடுக்கும் கூண்டைச் செய்து கொடுத்தது இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஃபேப்ரிகேஷன் கடைக்காரர். "எதுக்குன்னு கேட்டாரு, சொன்னோம். அப்புறம் மூலைக்கு மூலை எர்த் சேருதான்னு அவரே மீட்டர் வெச்சுப் பாத்துதான் கொடுத்தாரு" என்றார் பதிவு எடுக்கும் இளைஞர். பேட்டையில் இப்படிப்பட்ட ஆய்வகம் நடப்பது இந்தக் கைகள் அருகில் இருப்பதால்தான் என்று எனக்குத் தோன்றியது.

அக்காவின் கவலை வேறு. வேலைக்கு வரும் பட்டதாரிகள் பாடத்தைச் சொல்லிவிடுகிறார்கள்; பிப்பெட்டைப் பிடித்தால் கை நடுங்குகிறது. பழகி முடிப்பதற்குள் பலர் ஐடி வேலைக்குப் போய்விடுகிறார்கள். பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்தில் பயோடெக் நடத்தும் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: இறுதியாண்டு மாணவர்களை ஒரு பருவம் முழுக்கச் செல் வளர்ப்பு மேசையில் உட்கார வையுங்கள். ஆய்வகங்களும் அந்தப் பழகிய கைக்குத் தகுந்த சம்பளத்தைக் கொடுக்கட்டும்.